முப்பத்தொன்றாம் வரிசை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு மாதமாகப் போன் செய்து பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. அண்ணி எடுத்தால், "அவர் குளிச்சிக்கிட்டு இருக்காரே" என்கிறார். ஏழு மாதமாக ஒரு மனிதர் குளித்துக்கொண்டே இருந்தால் இந்நேரம் தண்ணீரிலேயே கரைந்திருக்க வேண்டும். அதனால்தான் கடிதம்.

அன்று அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது விளையாட்டுக்கு. "அண்ணா இன்னும் குப்பியைத்தான் குலுக்கிக்கிட்டு இருக்கார், நாங்க பட்டனைத் தட்டினா பதில் வந்துடுது." எல்லோரும் சிரித்தார்கள். அத்தை கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார். நீங்கள் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஒரு உதவி கேட்கவும்தான். இரண்டையும் ஒரே உறையில் போடுவது நன்றாக இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். தபால் தலை ஒன்றுதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஒரே மேசையில் வேலை பார்த்த நாட்களில் நீங்கள் ஒரு பட்டியல் போட்டீர்கள். நீல ரப்பர் கையுறையை வட்ட வில்லைகளாக வெட்டி, முப்பத்தெட்டுக் கரைப்பான்களில் ஒரு முழு நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் நிறுத்து எழுதியது. அதன் பிரதி ஒன்று வேண்டும். இங்கே கணினியில் அந்த ரப்பருக்கு எண்கள் இருக்கின்றன. யார் அளந்தது, எப்போது அளந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துப் பெரியவர்கள் கூட்டத்தில் எங்கள் கணிப்பு முறையைக் காட்ட வேண்டும். நம்பிச் சேர்க்க எனக்குத் தெரிந்து உங்கள் பட்டியல் ஒன்றுதான் இருக்கிறது.

இப்போதும் உங்கள் சகலை,
இளையவன்


பிப்ரவரி 11

மாண்புமிகு ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பட்டனைத் தட்டினால் பதில் வரும் இடத்திலிருந்து குப்பி குலுக்குகிறவனுக்குக் கடிதம் வந்ததில் எங்கள் லேபே பெருமைப்படுகிறது. நானே வாயில்காவலரிடம் உறையைக் காட்டினேன்.

தாங்கள் என்று எழுத வரவில்லை. கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

மன்னிப்பையும் உதவியையும் ஒரே உறையில் போட்டாயே, அதிலிருந்தே தெரிகிறது உனக்கு எது வேண்டுமென்று. என் கொழுந்தியாள் சொன்னது சரி. அவளுக்கு என்றைக்கும் உன்னைவிட விவரம் அதிகம். அதைச் சொல்லித்தானே அவளுக்கு உன்னைப் பார்க்கச் சொன்னேன்? "பையன் கொஞ்சம் அவசரக்காரன், பொண்ணு நிதானம், சரியா இருக்கும்"னு அத்தையிடம் சிபாரிசு செய்தவன் நான். உன்னை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவன் நான். இன்று அந்த வீட்டில் குளிர்ப்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருப்பது செய்தித்தாளில் வந்த உன் படம். வெள்ளை அங்கி, கண்ணாடி, சிரிப்பு. தண்ணீர் எடுக்கப் போனால்கூட உன் மூஞ்சியில் முழித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆராய்ச்சி நிலையத்து விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தவனும் நான்தான், மறந்திருக்க மாட்டாய். ரெண்டு பேரும் போட்டுப் பார்ப்போம் என்றேன். உன்னை எடுத்தார்கள். ஏற்றிவிட்ட ஏணி சுவரில் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. என் மகன் பள்ளிக்கூடத்தில் 'எதிர்காலத்தில் நான்' என்று கட்டுரை எழுதினான். சித்தப்பா மாதிரி ஆகப்போகிறானாம். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளாதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி, "அப்படி என்னதாங்க அந்த எண்ணு?" என்று கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண். முதலாவது, எல்லா மூலக்கூறுக்கும் பொதுவாக உள்ள ஒட்டுதல். இரண்டாவது, மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் வரும் இழுப்பு. மூன்றாவது, ஹைட்ரஜனைக் கொடுத்து வாங்கும் பழக்கம். இரண்டு பொருளுக்கு மூன்று எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றில் ஒன்று கரையும். ரப்பராக இருந்தால் ஊதும், பிறகு உள்ளே விட்டுவிடும். எண்கள் தள்ளி இருந்தால் சேராது. ரப்பரை ஊதவைக்கிற கரைப்பான்கள் எல்லாம் ஒரு உருண்டைக்குள் அடங்கும், மற்றவை வெளியே நிற்கும். இனம் இனத்தோடு சேரும் என்று நம் ஆட்கள் எப்போதோ சொன்னதுதான். இவர்கள் அதற்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

அவள் யோசித்துவிட்டு, "அப்போ உங்களுக்கும் உங்க சகலைக்கும் மூணு எண்ணும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் சேரலை?" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

பட்டியல் இத்துடன் இருக்கிறது. முப்பத்தெட்டு வரிசை. என் கையாலேயே படியெடுத்தேன். அதை எதற்காகப் போட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். என் இடது கை அதை இன்னும் மறக்கவில்லை. கையுறை இருக்கிறது என்று நம்பிக் கரைப்பான் தொட்டிக்குள் விட்டேன், உள்ளே அது ஈரக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அன்று தண்ணீர்க் குழாய்வரை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது நீதான். அதையும் மறக்கவில்லை.

கூட்டத்தில் நன்றாகக் காட்டு. பெரியவர்கள் கை தட்டட்டும்.

மூத்தவன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

பட்டியல் பத்திரமாக வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் இன்னும் குறுக்குக் கோடு போடுகிறீர்கள்.

திட்டிய இடங்களை எல்லாம் இரண்டு முறை படித்தேன். விளம்பரம் விஷயம் உண்மை. அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. படத்தைக் கழற்றச் சொல்லி அத்தையிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன், பின்னால் சுவரில் கறை இருக்கிறதாம். அதை மறைக்கத்தான் நான் அங்கே தொங்குகிறேன் என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

முப்பத்தெட்டையும் கணினிக்குள் போட்டேன். உருண்டை பிசிறில்லாமல் வந்தது. ஊதியவை எல்லாம் உள்ளே, ஊதாதவை எல்லாம் வெளியே, ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை சுத்தமாக இங்கே யாருக்கும் வந்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படியெடுக்கும்போது எல்லா வரிசையையும் நோட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும்.

உங்கள் சகலை


பிப்ரவரி 27

தம்பிக்கு,

என் எண்ணையா சந்தேகப்படுகிறாய்?

உனக்கு அங்கே நாற்காலி சுழலும், ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்கும், டீ மேசைக்கே வரும். என்னிடம் இருப்பது ஒரு தராசு, ஒரு நோட்டு, பதினாறு வருடத்தில் யாரும் திருத்தாத எண்கள். அதிலும் கை வைக்க வந்துவிட்டாயா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற ஆள் நீ என்று அன்றைக்கு மேசையிலேயே தெரிந்தது.

முப்பத்தெட்டும் சரி. ஒப்பிட்டுப் பார்க்கவும் தேவையில்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. லேப் கூரையில் தகரம் மாற்றுகிறார்கள், நாள் முழுக்கச் சத்தம். அலமாரிக்கு நேர் மேலே தட்டுகிறார்கள், குப்பிகள் தானாகவே குலுங்குகின்றன. எனக்கு வேலை மிச்சம் என்று நீ சிரிப்பாய். உன் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று உன் அண்ணி சொன்னாள். இப்போது எப்படி இருக்கிறாள்? அவளுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உன் அண்ணி நலம். பையன் கணக்கில் மட்டம், அதில் மட்டும் சித்தப்பாவைப் பின்பற்றவில்லை.

கூட்டம் எப்போது? முடிந்ததும் எழுது. எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மூத்தவன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கூட்டம் முடிந்தது. நன்றாகவே போனது. அதோடு நிற்கவில்லை. ரயில் பெட்டிப் பணிமனை ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. பழைய பெட்டிகளின் பெயின்ட்டை உரிக்க இதுவரை வைத்திருந்த கரைப்பான் நெஞ்சுக்குக் கெடுதல் என்று தடை செய்துவிட்டார்கள். மாற்று ஒன்று கேட்டார்கள். பெயின்ட்டின் உருண்டைக்கு உள்ளேயும் கையுறையின் உருண்டைக்கு வெளியேயும் விழுகிற மாதிரி ஒரு கலவை தேடினோம். கிடைத்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பென்ஸைல் ஆல்கஹால். உங்கள் பட்டியலில் அது முப்பத்தொன்றாம் வரிசை.

நீங்கள் அனுப்பிய எண்களின்படி நீலக் கையுறை அதைத் தாங்கும் என்று கணக்கு சொல்கிறது.

மார்ச் 14-ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பணிமனையில் சோதனை. ஆறு பேர் ஒரு பெட்டியை முழுசாக உரிக்கப்போகிறார்கள். நான்கு மணி நேர வேலை, கை முழங்கை வரை கலவையில் இருக்கும். நான் அன்று அங்கேதான் இருப்பேன். பணிமனை அலுவலகத்தின் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்று தோன்றினால் எந்த நேரமும் கூப்பிடலாம்.

பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பென்சில் பெட்டி விஷயம் தெரிந்து, "பெரியப்பா எப்ப வருவார்?" என்று கேட்கிறாள்.

உங்கள் சகலை


மார்ச் 14, மதியம்

தம்பி,

போனில் நான் கத்தியது உனக்குப் புரிந்ததா இல்லையா? "நீலத்தைக் கழட்டச் சொல்லு, நீலத்தைக் கழட்டச் சொல்லு" என்று எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ "சரிண்ணா" என்றாய். வைத்துவிட்டாய். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திரும்ப அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது.

உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள் என்று எழுதியிருப்பாய், அதை வேறு படிக்க வேண்டுமா என்று பிரிக்காமல் அலமாரிக்கு மேலே போட்டேன். நான்கு நாள் அங்கே கிடந்தது. இன்று காலை உன் அண்ணி தூசி தட்டும்போது எடுத்துக் கையில் கொடுத்து, "மனுஷன் எழுதினதைப் படிக்கவாவது செய்யுங்க" என்றாள். அப்போது மணி ஒன்பதே முக்கால்.

முப்பத்தொன்றாம் வரிசை பொய்.

எப்படிச் செய்தேன் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும், வேறு யாருக்கும் புரியாது. உருண்டையின் நடுவில் உள்ள கரைப்பானின் எண்ணை மாற்றினால் கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும், சுற்றிலும் ஊதுகிறவைக்கு மத்தியில் ஊதாதது ஒன்று தனியாக நிற்கும். ஓரத்தில் இருப்பதைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. உருண்டையே கொஞ்சம் சுருங்கி நகர்ந்துகொள்ளும், எல்லாம் கச்சிதமாக இருக்கிற மாதிரி தெரியும். விளிம்பில் இருப்பது பென்ஸைல் ஆல்கஹால். நோட்டில் வில்லை ஊறுவதற்கு முன் 0.412 கிராம், ஊறிய பின் 0.968. இரண்டு மடங்குக்கும் மேல். படியெடுக்கும்போது பின்னதையும் 0.412 என்று எழுதினேன். பேனாவைக்கூட மாற்றவில்லை.

கூட்டத்துக்கு என்றாய். பெரியவர்களுக்கு முன்னால் நீ படம் போட்டுக் காட்டுவாய், யாராவது ஒரு கிழவன் எழுந்து, "தம்பி, அந்த ரப்பர் இதுல ஊதுமே" என்பான், நீ முழிப்பாய். அவ்வளவுதான் என் ஆசை. ஒரே ஒரு முறை நீ முழிக்க வேண்டும், அது என் காதுக்கு வர வேண்டும். யாருடைய கையும் அதற்குள் போகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். கையுறைப் பட்டியலைக் கையை நினைக்காமல் திருத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், அதுவும் இந்தக் கையை வைத்துக்கொண்டு.

நீ பிப்ரவரியில் கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் பெண்ணின் காய்ச்சலைப் பற்றியும் கூரைத் தகரத்தைப் பற்றியும் எழுதினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு பக்கம் பக்கமாக எழுதியது.

அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. உங்கள் நிலையத்துக்கு நானே வந்து சொல்லத் தயார். உன் பெயர் கெடக்கூடாது.

மூத்தவன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு பேரும் நலம். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவர்கள் போட்டிருந்தது கறுப்புக் கையுறை, வேறு ரப்பர். அதற்கு அந்தக் கலவையோடு சேர்க்கையே கிடையாது. நீங்கள் கூப்பிடுவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துவிட்டேன்.

இதைப் படித்ததும் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றும். கிழிப்பதற்கு முன் மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

பட்டியல் வந்த அன்றே தெரிந்துவிட்டது. கணினிக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி அதற்கு எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தெரிந்தது. உங்கள் பக்கத்தில் ஆறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீரில் போட்ட வில்லையைக்கூட நீங்கள் 0.409, 0.417 என்று எழுதியிருக்கிறீர்கள். ஊதாத கரைப்பான்களில் ஒன்று எட்டு மில்லிகிராம் ஏறியிருக்கிறது, ஒன்று மூன்று மில்லிகிராம் இறங்கியிருக்கிறது. ரப்பர் எதில் போட்டாலும் கொஞ்சமாவது வாங்கும், கொஞ்சமாவது விடும். "சுத்தமான பூஜ்யம் எழுதுறவன் தராசுப் பக்கமே போகாதவன்" என்று என்னைத் திட்டியது நீங்கள்தான், நான் சேர்ந்த முதல் மாதத்தில். முப்பத்தொன்றாம் வரிசையில் 0.412, 0.412. நீங்கள் அளந்து எழுதியிருந்தால் அப்படி வந்திருக்காது. நீங்கள் தவறிப்போய் எழுதுகிறவரும் இல்லை.

நீலக் கையுறையில் ஒரு வில்லை வெட்டி நானே ஊறவைத்தேன். 0.398 இருந்தது, மறுநாள் 0.941. என் விரலில் வைத்துப் பார்த்தேன், கொழகொழவென்று இருந்தது. கூட்டத்தில் அந்த வரிசையை விட்டுவிட்டுத்தான் காட்டினேன், பணிமனைக்காரர்கள் வந்த அன்றே கறுப்புக் கையுறைக்கு எழுதிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

வில்லை ஊறிய பிறகுதான் உங்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று பிப்ரவரியில் கேட்டேன். நீங்கள் சரி என்றீர்கள். அப்போது எனக்கு வந்தது கோபம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி சந்தோஷம். அண்ணாவும் தப்புச் செய்வார் என்று கையில் ஆதாரம் கிடைத்த சந்தோஷம். அதனால்தான் சோதனைத் தேதியையும் போன் எண்ணையும் எழுதினேன். கணக்கு சொல்கிறது என்றுதான் எழுதினேன், நீலம் போடப் போகிறோம் என்று எழுதவில்லை. அந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்துத் திருத்தினேன். அந்த அளவுக்கு யோசித்துச் செய்தது.

நீங்கள் என்னைப் பார்த்து வயிறெரிவது எனக்குத் தெரியும். நானும் எரிகிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் பட்டனைத் தட்டினால் வருகிற பதிலெல்லாம் எங்கோ ஒருவர் குப்பியைக் குலுக்கி, ஒரு நாள் காத்திருந்து, எழுதிவைத்தது. எனக்கென்று ஒரு எண்கூடக் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். பென்சில் உடைந்தால் என் பெண் பெரியப்பாவைக் கேட்கிறாள். அத்தை என்னைப் படமாக மாட்டியிருக்கிறார், வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அன்று மேசையில் அந்த வார்த்தை என் வாயில் ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் அத்தை, "குழாய் ஒழுகுது, மூத்த மாப்பிள்ளை இருக்கும்போதே பார்த்துடச் சொல்லணும்" என்றார். நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

பதினான்காம் தேதி காலை ஒன்பதிலிருந்து பணிமனை அலுவலகத்தில் போனுக்குப் பக்கத்தில் நின்றேன். எழுத்தர், "உக்காருங்க சார்" என்று மூன்று முறை சொன்னார், உட்கார முடியவில்லை. மணி அடிக்காவிட்டால் உங்களுக்கு இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒன்பது ஐம்பதுக்கு அடித்தது. உங்கள் குரலைக் கேட்டேன். "சரிண்ணா" என்பதற்கு மேல் வரவில்லை. அதனால்தான் வைத்துவிட்டேன், நம்புங்கள்.

அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் உங்கள் பெயரை முதலில் போட விரும்புகிறேன். முப்பத்தொன்றாம் வரிசையில் நோட்டில் இருக்கும் உண்மையான எண்ணைப் போட்டுவிடுகிறேன். வேறு யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

உங்கள் சகலை


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. பதினொரு நாள். பதினொரு நாளும் நான் என்ன சாப்பிட்டேன், என்ன பேசினேன் என்று உன் அண்ணியைக் கேள். கொழுந்தியாளிடம் அவள் ஜாடையாக விசாரித்தாள். "அவர் ஆபீஸ் விஷயம் எதுவும் வீட்டுல பேச மாட்டாரே அக்கா" என்று பதில் வந்தது. அதற்கு மேல் துருவிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இல்லாத ஊர்களின் ஆஸ்பத்திரிகள் எல்லாம் கனவில் வந்தன.

என்னைக் குப்பிக்குள் போட்டு மூடி, ஊதுகிறேனா என்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு நாள் ஊறவைத்தால் போதும் என்பது முறை, நீ மூன்று வாரம் ஊறவைத்தாய். உன் முகத்தில் அறைய வேண்டும் என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். எதிரில் உன் அண்ணிதான் இருந்தாள். "என்னங்க?" என்றாள். "ஆறு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மிச்சக் கடிதத்தை அவளே படித்துக் காட்டினாள். சாவி, குழாய் விஷயம் வந்தபோது அவள் சிரித்துவிட்டாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். உனக்கு என் மேல் பொறாமை என்று எழுத்தில் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது வேலை. முதல் பெயர் எனக்கு வேண்டாம். நீ போட்டதாக ஆகிவிடும், நான் சம்பாதித்ததாக ஆகாது. இரண்டாவதாகப் போடு. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்றாயே, அதுவும் வேண்டாம். பட்டியலுக்கு அடியில் எழுது: முப்பத்தொன்றாம் வரிசை முதலில் தவறாகத் தரப்பட்டது, தந்தவரே அதைத் திருத்தச் சொன்னார். அந்த ஒரு வரிசையில் என் பழைய எண் வேண்டாம், நீ அளந்த எண்ணைப் போடு. 0.398, 0.941. உனக்கென்று ஒரு எண் கிடையாது என்று அழுதாயே, இதோ ஒன்று. மீதி முப்பத்தேழும் என்னுடையவை என்று மேலே தெளிவாக இருக்கட்டும். முப்பத்தேழுக்கு ஒன்று. அதை யாராவது கூட்டத்தில் எழுந்து எண்ணிப் பார்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பையனிடம் சொன்னேன், "சித்தப்பா மாதிரி ஆகு, ஆனா எடையைப் பார்க்கக் கத்துக்க" என்று. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை வீட்டுக் குழாயைச் சரி செய்துவிட்டேன். உன் படத்துக்குப் பின்னால் பார்த்தேன். கறை இருக்கிறது.

பொறாமை போய்விட்டதா என்று உன் அண்ணி நேற்றுக் கேட்டாள். போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அதுவும் முப்பத்தொன்றாம் வரிசைதான். குறைந்திருக்கிறது. பிப்ரவரியில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் பூஜ்யம் என்று எழுத மாட்டேன், எழுதினால் நீ நம்பவும் மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணு. எட்டு மணிக்கெல்லாம் குளித்து முடித்துவிடுவேன்.

மூத்தவன்